ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் பிப்ரவரியில் வேலை: முதல் மாதம் எதை எந்த வரிசையில் செய்வது?

வடபழனி_டூ_நெக்கார்

விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை வாகன மென்பொருள், அலுவலகம் பேப்லிங்கனில். புளூ கார்டுக்கான (படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை, குடியிருப்பு அனுமதி) டி விசா கைக்கு வந்துவிட்டது, ஆறு மாதம் செல்லும். சம்பளம் ஆண்டுக்கு 60,000 யூரோ, பிடித்தத்துக்கு முன்னால். ஜனவரி 24 தரையிறங்குகிறேன். ஒப்பந்தம் பிப்ரவரி 1-லிருந்து. முதல் ஆறு வாரத்துக்குச் சிண்டல்ஃபிங்கனில் சாமான் போட்ட சின்ன வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. மனைவி மே மாதம் வருகிறார்.

இணையத்தில் தேடினால் "ஞாயிறு கடை திறக்காது, நேரம் தவறக்கூடாது, குளிரும்" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:

1. எந்தக் காகிதம் எதற்கு முன்னால்? ஒன்று தவறினால் எது நிற்கும்?
2. மாதம் கைக்கு எவ்வளவு வரும்? மருத்துவக் காப்பீடு அரசா, தனியாரா?
3. வீட்டுக்குள் நம்மவர்கள் தெரியாமல் செய்யும் தப்பு என்ன?
4. பெட்டியில் எதை ஏற்றுவது, எதை விடுவது? மிக்ஸியும் குக்கரும் கொண்டு வரலாமா?

---

கணக்குப்பிள்ளை_71

எல்லாம் ஒரே காகிதத்தில் போய் முடியும்: முகவரிப் பதிவு, இங்கே "ஆன்மெல்டுங்" என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். அது இல்லாமல் வரி எண் வராது, வெளிநாட்டினர் அலுவலகம் உங்கள் கோப்பைத் திறக்காது, பல வங்கிகள் கணக்கும் தராது.

கவனியுங்கள்: பேப்லிங்கனும் சிண்டல்ஃபிங்கனும் ஒட்டி ஒட்டி இருந்தாலும் தனித்தனி நகராட்சிகள். ஸ்டுட்கார்ட் இன்னொன்று. அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. நீங்கள் இரவில் எங்கே படுக்கிறீர்களோ அந்த ஊர் நகராட்சியில்தான் பதிவு. ஸ்டுட்கார்ட் தளத்தில் நேரம் எடுத்துவிட்டு வரிசையில் நின்று திரும்பும் ஆட்கள் நிறைய. சிண்டல்ஃபிங்கன் என்றால் சிண்டல்ஃபிங்கன் நகராட்சித் தளத்தில் இன்றைக்கே நேரம் கிடைக்கிறதா பாருங்கள், இந்தியாவில் இருந்தே எடுக்கலாம். இரண்டு வாரத்துக்குள் நேரம் இல்லையென்றால் கிடைக்கிற முதல் நேரத்தை எடுத்து அந்த உறுதி மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்காத தாமதத்துக்குப் பொதுவாக அபராதம் போடுவதில்லை.

பதிவுக்குப் பாஸ்போர்ட், படிவம், அதோடு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் வேண்டும். அதன் பெயர் "வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங்". வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஆறு வார வீட்டுக்கு நீங்கள் பணம் கட்டும் முன்னால் "அந்தத் தாள் தருவீர்களா" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அந்த வீடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆறு வாரமும் வீணாகும்.

அடுத்து தபால் பெட்டி. இங்கே முகவரியில் வீட்டு எண் உண்டு, கதவு எண் கிடையாது. பன்னிரண்டு குடும்பம் இருக்கும் கட்டடத்துக்கும் தெரு, எண், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுவார். பெயர் இல்லையென்றால் "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண், காப்பீட்டு அட்டை, ஓய்வூதிய எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண் எல்லாம் தனித்தனிக் கடிதமாக வரும் நாடு இது. சாவி வாங்கிய அன்றே பெயரை எழுதி ஒட்டுங்கள், டேப் போதும். அழைப்பு மணிப் பலகையிலும் ஒட்டுங்கள்.

வரி எண் 11 இலக்கம். பதிவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் கூட்டரசு வரி அலுவலகத்திலிருந்து தபாலில் வரும். தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். அது வரும் முன் ஆறு வார வீட்டைக் காலி செய்தால் கடிதம் திரும்பிப் போகும், திரும்பக் கேட்டால் மறுபடி தபால்தான். அதனால் பதிவை முதல் வாரத்திலேயே முடிப்பது நல்லது. எண் வராமல் சம்பளம் போட்டால், உங்கள் தவறில்லாத வரை நிறுவனம் மூன்று மாதம் உத்தேச வரி வகுப்பை வைத்துப் பிடிக்கலாம். சில சம்பளப் பிரிவுகள் அந்தச் சிரமம் எடுக்காமல் ஆறாம் வகுப்பில் போட்டுவிடும்; அப்போது முதல் சம்பளம் பயமுறுத்தும் அளவுக்குக் குறைவாக இருக்கும். அது தொலைந்து போகாது, எண் கொடுத்தபின் அடுத்த சம்பளத்தில் சரிக்கட்டுவார்கள். ஆனால் அந்த மாதம் வாடகை கட்டக் கையில் பணம் வேண்டுமே.

கைக்கு எவ்வளவு என்று கேட்டீர்கள். மாதம் 5,000, முதல் வரி வகுப்பு, பிள்ளை இல்லை, தேவாலய வரி இல்லை என்றால் சுமார் 3,100 வரும். ஓய்வூதியத்துக்கு 9.3%, வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3%, மருத்துவத்துக்கு 14.6-இல் பாதியும் கூடுதல் கட்டணத்தில் பாதியும், பராமரிப்புக் காப்பீடு, பிறகு வருமான வரி. பிள்ளை இருந்தால் பிறப்புச் சான்றைச் சம்பளப் பிரிவிடம் கொடுங்கள். பராமரிப்புக் காப்பீட்டில் பிள்ளை இல்லாதவருக்கு ஏற்றும் 0.6% போய்விடும்.

அரசா தனியாரா என்ற கேள்விக்கே உங்களுக்கு இடமில்லை. தனியாருக்குப் போக 2026-இல் ஆண்டுச் சம்பளம் 77,400 யூரோவைத் தாண்ட வேண்டும். உங்கள் மனைவிக்கு வருமானம் இல்லாத வரை அரசுக் காப்பீட்டில் அவருக்குத் தனிக் கட்டணம் கிடையாது, தனியாரில் ஆளுக்கு ஆள் கட்டணம். வரம்பைத் தாண்டினாலும் குடும்பம் வைத்திருப்பவர் இரண்டு முறை யோசிக்க வேண்டிய இடம் அது. கிராங்கன்காஸ (அரசு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்) எதுவானாலும் அடிப்படைச் சேவை ஒன்றே. வேறுபடுவது கூடுதல் கட்டணமும் ஆங்கிலத்தில் பேசுவார்களா என்பதும்தான். இந்தியாவில் இருந்தே இணையத்தில் சேர்ந்துவிடலாம். ஒப்பந்தத்தில் 1-ஆம் தேதி என்றால் அது ஞாயிறானாலும் காப்பீடு அன்றைக்குத் தொடங்கும். ஜனவரி 24 முதல் 31 வரை உங்களைக் காப்பது விசாவுக்கு எடுத்த பயணக் காப்பீடுதான், அதன் தேதியைச் சரிபாருங்கள்.

புளூ கார்டு: விசா முடிய ஆறு வாரம் இருக்கும்போது விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள், பதிவு முடிந்த வாரமே இணையத்தில் போடுங்கள். அட்டைக்கு 100 யூரோ. 2025 மே முதல் காகிதப் போட்டோ வாங்குவதில்லை. பதிவு பெற்ற ஸ்டுடியோவிலோ சில ட்ரோகரி (சோப்பு, ஷாம்பு விற்கும்) கடைகளிலோ எடுத்தால் ஒரு குறியீடு அச்சடித்துத் தருவார்கள், அதைத்தான் கேட்பார்கள். ஊரில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தைக் கட்டுக்கட்டாகக் கொண்டு வராதீர்கள். அட்டை வரும் முன் விசா முடிந்துவிட்டால் இடைக்காலத் தாள் ஒன்று தருவார்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும், எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால்தான் ஊருக்குப் போய்த் திரும்ப வரலாம். விமானச் சீட்டை அதற்கப்புறம் எடுங்கள்.

---

மழைக்கோட்டு

கணக்குப்பிள்ளை அண்ணா "தேவாலய வரி இல்லை என்றால்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். இதைப் படிக்கும் கிறிஸ்தவ நண்பர்களுக்காக: பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினால் வருமான வரியின் மேல் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் 8%, மற்ற மாநிலங்களில் 9% தேவாலய வரியாகச் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். தெரிந்து எழுதினால் சரி. புள்ளிவிவரத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து எழுதிவிட்டால், வெளியேற அலுவலகத்தில் நேரில் போய்க் கட்டணம் கட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். இந்து, முஸ்லிம் என்று எழுதுபவர்களுக்கு இந்த வரி இல்லை.

இன்னொன்று. பதிவு முடிந்து சில வாரத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லையே, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று குப்பையில் போடாதீர்கள். வீட்டுக்கு மாதம் 18.36, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. வீட்டில் வேறொருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணை எழுதி அனுப்பினால் போதும். விட்டால் தாமதக் கட்டணம் ஏறும்.

---

வன்னியாள்

தம்பி, குசினிக் கதையையும் யன்னல் கதையையும் இன்னும் ஆரும் சொல்லேல்லை, அதை நான் சொல்லுறன்.

முதல்ல யன்னல். இஞ்சத்தை யன்னலுக்கு ஒரு கைபிடிதான், ஆனால் மூண்டு நிலை. கைபிடி கீழ பார்த்தால் பூட்டு. படுக்கையாய் இருந்தால் கதவு மாதிரித் திறக்கும். மேல பார்த்தால் தலைப்பக்கம் மட்டும் உள்ளுக்குச் சரியும். புதுசாய் வாறவை செய்யிற பிழை என்னெண்டால், யன்னல் விரியத் திறந்து இருக்கேக்கையே கைபிடியை மேல திருப்பிறது. உடன மேல் பிணைச்சல் (கீல்) கழண்டு, முழு யன்னலும் கீழ் மூலையில தொங்கும். விழப்போகுது எண்டு கத்துவினம். விழாது. ஒரு கையால யன்னலைத் தாங்கிக்கொண்டு, பிணைச்சல் பக்கத்து மேல் மூலையைச் சட்டத்தோட நல்லாய் அமத்துங்கோ. அமத்தினபடி கைபிடியைப் படுக்கைக்குக் கொண்டு வாங்கோ. கைபிடி திரும்பாட்டில், யன்னல் ஓரத்தில கைபிடிக்குக் கிட்ட சின்ன நெம்பு ஒண்டு இருக்கும், அதை விரலால அமத்திக்கொண்டு திருப்புங்கோ. பிறகு சாத்திப்போட்டு கீழ திருப்புங்கோ. சரி.

அடுத்தது பூஞ்சணம். குளிர் காலத்தில யன்னலைச் சரிச்சு வைச்சிட்டு வேலைக்குப் போனால் காத்து மாறாது, யன்னலைச் சுத்தின சுவர்தான் குளிரும். பின்னேரம் சோறும் சாம்பாரும் அவிய, அந்த ஆவி போய்க் குளிர்ந்த மூலையில தண்ணியாய் நிக்கும். ரெண்டு கிழமையில கறுப்புப் புள்ளி தெரியும். வீடு விடேக்க அதுக்கு உங்கட வைப்புப் பணத்திலதான் கைவைப்பினம். செய்ய வேண்டியது: ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம், ஹீட்டரைக் குறைச்சுப்போட்டு, எதிர் எதிர் யன்னல்களை முழுசாய்த் திறந்து அஞ்சு பத்து நிமிசம் விடுங்கோ. பிறகு சாத்திப்போட்டு ஹீட்டரை 3-இல வையுங்கோ, அது கிட்டத்தட்ட 20 பாகை. 5-இல வைச்சால் கெதியாய்ச் சூடாகும் எண்டு நினைக்கிறது பிழை, அந்த இலக்கம் எங்க நிக்க வேணும் எண்டதைத்தான் சொல்லுது, வேகத்தை இல்லை. ஈரமானி ஒண்டு பத்து யூரோக்குள்ள வரும். 60-க்கு மேல காட்டினால் யன்னலைத் திறவுங்கோ. அலுமாரியை வெளிச்சுவரோட ஒட்டி வையாதேங்கோ, ஒரு சாண் விடுங்கோ.

குசினி. விளம்பரத்தில குசினி உண்டு எண்டு எழுதாட்டில் வெறும் அறைதான், தண்ணிக் குழாயும் அடுப்புக் கம்பியும் மட்டும் சுவரில நிக்கும். கன வீட்டில விளக்கும் இராது, வயர் தொங்கும். புகை உறிஞ்சி இருந்தாலும் அது காத்தை வெளியில விடுதா, கரி வடியால வடிச்சுத் திரும்ப உள்ளுக்கு விடுதா எண்டு பாருங்கோ. ரெண்டாவது எண்டால் செத்தல் மிளகாய் தாளிக்க முதல் குசினிக் கதவைச் சாத்தி யன்னலைத் திறவுங்கோ, இல்லாட்டில் நடைவழியில இருக்கிற புகைமணி கத்தத் தொடங்கும்.

மிக்ஸி கொண்டு வரலாம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ரெண்டு நாட்டிலயும் ஒண்டுதான். ஆனால் உங்கட மூண்டு முள் இஞ்சத்தைச் செருகியில போகாது. இஞ்ச நிலத்தொடுப்பு (எர்த்) எண்டது செருகிக் குழியின்ர ரெண்டு பக்கத்திலயும் இருக்கிற தகடு. விமான நிலையத்தில விக்கிற உலக அடாப்டர் கன பேருக்கு அந்தத் தகட்டைத் தொடாது. போனுக்குப் பரவாயில்லை, கிரைண்டர் மாதிரி உலோக உடம்பு உள்ள சாமானுக்கு வேண்டாம். நிலத்தொடுப்பு உள்ள அடாப்டர் எண்டு கேட்டு வாங்குங்கோ.

குக்கர்: அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில வேலை செய்யாது. அடியில காந்தம் ஒட்டினால் மட்டும் கொண்டு வாங்கோ. சாதாரணக் கண்ணாடி அடுப்பு எண்டால் அலுமினியமும் சரி, அடி தட்டையாய் இருக்க வேணும்.

சாப்பாட்டுச் சாமான்: நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பாவுக்குள்ள கொண்டு வர ஏலாது, சுங்கத்தில எடுத்துப் போடுவினம். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் எல்லாம் தாவரச் சான்றிதழ் இல்லாமல் கூடாது. சான்றிதழ் இல்லாமல் விடுற பழம் அஞ்சுதான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியன். கருவாடு விடுவினம், 20 கிலோ மட்டும், மணத்துக்கு நீங்கதான் பொறுப்பு. பொன்னி அரிசி, உழுந்து, புளிக்கு இடம் வீணாக்காதேங்கோ. ஜேர்மனியில கன பெரிய ஊர்களில எங்கட ஈழத்து ஆக்களின்ர தமிழ்க் கடை இருக்கு. ஸ்டுட்கார்ட்டிலயும் இருக்கு. மசாலாப் பொடி வீட்டில அரைச்சதைக் கொண்டு வாங்கோ, அதுதான் இஞ்ச கிடையாது. ஒழுங்காய் மருந்து குடிக்கிற ஆளெண்டால் மூண்டு மாசத்துக்குரியது, வைத்தியர் சீட்டோட.

இட்லி மா புளிக்காது எண்டு கவலைப்படாதேங்கோ. ஓவனுக்குள்ள வைச்சு உள் விளக்கை மட்டும் போட்டு விடுங்கோ, ராவுக்குப் பொங்கி நிக்கும். பாத்திரத்தில பாதிக்கு மேல விடாதேங்கோ. ஓவன் கைபிடியில ஒரு துணி கட்டி வையுங்கோ, உள்ளுக்கு மா இருக்கெண்டு தெரியாமல் ஆரும் சூடு போட்டால் பிளாஸ்டிக் பாத்திரம் உருகிப் போகும்.

திறப்பு (சாவி): கன கதவுக்கு வெளிப்பக்கம் கைபிடி திரும்பாது, வெறும் குமிழ்தான். குப்பை போட வெளிக்கிட்டுக் கதவு சாத்துப்பட்டால் வெளியில நிக்க வேண்டியதுதான். பூட்டுத் திறக்கிறவையை ராவில கூப்பிட முதல் மொத்தக் காசு எவ்வளவு எண்டு கேளுங்கோ. கட்டடத் திறப்பைத் துலைச்சால் முழுக் கட்டடப் பூட்டையும் மாத்திற செலவு உங்கட தலையில வரலாம். அதுக்குத்தான் ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் காப்பீடு, உங்களால மற்றவைக்கு வாற நட்டத்தைக் கட்டுறது. வருசத்துக்கு அறுபது எழுபது யூரோ வரும், திறப்புத் துலையிறதும் அடக்கமோ எண்டு பார்த்து எடுங்கோ.

---

வடபழனி_டூ_நெக்கார்

அக்கா, யன்னல் விஷயம் சத்தியமாக எங்கேயும் படித்ததில்லை. நன்றி.

இன்னும் மூன்று. ஒன்று: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது, மனைவிக்கு அந்த இடம் காலி. சிக்கலா? இரண்டு: மனைவி மே மாதம் வந்தால் வரியில் என்ன மாறும்? கல்யாணச் சான்றுக்கு அப்போஸ்டில் (சான்று வெளிநாட்டில் செல்ல அரசு போடும்) முத்திரை வாங்கணும் என்று ஒரு முகவர் சொல்கிறார். மூன்று: நிரந்தர வீட்டுக்கு ஒரு விளம்பரம். 65 சதுர மீட்டர், 600 யூரோ. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறாராம், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம்.

---

கணக்குப்பிள்ளை_71

மூன்றாவதற்கு ஒரே வரி: மோசடி. உரிமையாளர் வெளிநாட்டில், சாவி தபாலில், வாடகை ஊர் விலையில் பாதி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மேலே படிக்கவே வேண்டாம். பாஸ்போர்ட் நகலையும் அனுப்பாதீர்கள், அடுத்த ஆளை ஏமாற்ற அதுவே உதவும்.

உண்மையான வீட்டுக்குக் கணக்கு இப்படி. விளம்பரத்தில் கால்ட்மீட்ட, வார்ம்மீட்ட என்று இரண்டு தொகை இருக்கும். முதலாவது வெறும் இடத்துக்கு, இரண்டாவது சூடேற்றம், தண்ணீர், குப்பை சேர்த்து. மின்சாரமும் இணையமும் இரண்டிலும் அடங்காது. வைப்புப் பணம் கால்ட்மீட்டவின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக்கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வெறும் வாடகை 900, எல்லாம் சேர்த்து 1,150 என்றால் முதல் மாதம் 1,150 + 900 = 2,050 கையில் இருக்க வேண்டும். தரகர் கட்டணம் 2015 ஜூனிலிருந்து யார் தரகரை வைத்தாரோ அவருக்கு. உரிமையாளர் வைத்த தரகர் உங்களிடம் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ஷூஃபா அறிக்கை (கடன் நாணய அறிக்கை) கேட்பார்கள், புதிதாக வந்தவருக்கு அதில் ஒன்றும் இருக்காது. வேலை ஒப்பந்தமும் வந்த சம்பளச் சீட்டும் காட்டுங்கள். சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், தரை, மீட்டர் எண், சாவி எத்தனை என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மீட்டர் படமும் எடுங்கள். மின்சாரத்துக்கு நீங்கள் யாரிடமும் ஒப்பந்தம் போடாவிட்டாலும் விளக்கு எரியும், உள்ளூர் அடிப்படை நிறுவனம் தானாக வழங்கும். அது பெரும்பாலும் விலை கூடுதல். இரண்டு வார முன்னறிவிப்பில் மாறிக்கொள்ளலாம்.

பெயர்: இங்கே அலுவலகம், வங்கி, மருத்துவமனை எல்லாம் உங்களைக் குடும்பப் பெயரில்தான் கூப்பிடும். உங்கள் விஷயத்தில் அது அப்பா பெயர். காத்திருக்கும் அறையில் அப்பாவைக் கூப்பிட்டால் நீங்கள்தான் எழுந்திருக்க வேண்டும், பழகிக்கொள்ளுங்கள். தபால் பெட்டியில் அந்தப் பெயர் கட்டாயம் இருக்கட்டும், முடிந்தால் இரண்டும். மனைவிக்குப் புதுப் பாஸ்போர்ட் எடுக்க நேரம் இருந்தால் குடும்பப் பெயர் இடத்தை நிரப்பி, அதே எழுத்துக்கூட்டலில் கல்யாணச் சான்றும் விசாவும் வரும்படி பாருங்கள். காலியாக இருந்தால் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக நிரப்பும். பிறகு காப்பீட்டு அட்டையும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாது.

அப்போஸ்டிலுக்குச் செலவழிக்காதீர்கள். இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி மறுப்பு தெரிவித்தது. இரு நாட்டுக்கும் இடையே அது செல்லாது. மூலச் சான்றும் இங்கே அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பும் போதும். அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்தால் தூதரகம் வழியாகச் சரிபார்ப்பார்கள், அது வேறு.

வரி: மனைவி இந்தியாவில் இருக்கும் வரை நீங்கள் முதல் வகுப்புதான். அவர் வந்து முகவரி பதிந்தபின் இருவரும் தானாக நான்காம் வகுப்பு ஆவீர்கள். அவருக்குச் சம்பளம் இல்லையென்றால் உங்களுக்கு மூன்று, அவருக்கு ஐந்து என்று வரி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள், அடுத்த மாதத்திலிருந்து மாறும். மே மாதம் வந்தாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் கூட்டாகக் கணக்குக் காட்டலாம், அதில் கணிசமாகத் திரும்ப வரும். அவர் வேலை பார்க்கவும் தனி அனுமதி தேவையில்லை, புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு விசாவுக்கான மொழித் தேர்வும் இல்லை. ஆனால் உங்களுக்கு மொழி படித்தால் லாபம்: நிரந்தர அனுமதி ஜெர்மன் மொழியில் ஏ1 (தொடக்க நிலை) இருந்தால் 27 மாதத்தில், பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதத்தில்.

---

கேர்வோக்க_கைதி

விட்டுப்போன சில்லறை விஷயங்கள்.

ஸ்டுட்கார்ட் இருக்கும் ஷ்வேபியா பக்கம் வீட்டு வாசலில் ஒரு நாள் "கேர்வோக்க" என்று எழுதிய பலகை தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு மாட்டிவிட்டுப் போயிருப்பார். அந்த வாரம் பெருக்குவதும் துடைப்பதும் உங்கள் முறை. சின்னது என்றால் உங்கள் மாடிப் படி மட்டும். பெரியது என்றால் நடைபாதை, நிலவறை எல்லாம், பிப்ரவரியில் பனியும் சேர்ந்து. வேலைநாளில் காலை ஏழு மணிக்குள் நடைபாதைப் பனியைத் தள்ளியிருக்க வேண்டும். சுத்தமாகத்தானே இருக்கிறது என்று விடாதீர்கள், நீங்கள் துடைப்பத்தோடு நிற்பதை நாலு பேர் பார்ப்பதும் இதில் ஒரு பகுதி. வாரம் முடிந்ததும் பலகையை அடுத்த கதவில் மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் நசுக்காதீர்கள். ஒன்றுக்கு 25 சென்ட் வைப்பு, கடை இயந்திரம் பட்டைக் குறியைப் படித்தால்தான் திரும்பத் தரும். திரும்ப நிரப்பும் பாட்டிலுக்கு 8 அல்லது 15. கண்ணாடிக் குப்பையை ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்ப் போடாதீர்கள், சத்தம். இரவு பத்துக்கு மேல் கிரைண்டரும் வேண்டாம்.

பயணம்: நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டான டொய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. வட்டார ரயில், பஸ், டிராம் எல்லாம் அடக்கம். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர ரயில்கள் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், 11-ஆம் தேதி நினைவு வந்தால் இன்னொரு மாதம் கட்டணம். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60. பேப்லிங்கனுக்கு எஸ்1 புறநகர் ரயில். ஸ்டுட்கார்ட் மைய நிலையத்தில் 2010-லிருந்து கட்டுமானம், தொலைதூர ரயில் பிளாட்பாரத்துக்குச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும்; வண்டி மாறப் பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

இந்திய ஓட்டுநர் உரிமம் குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான். அதற்கப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். கட்டாய வகுப்பு மணிக்கணக்கு உங்களுக்குக் கிடையாது, கண் பரிசோதனையும் முதலுதவி வகுப்பும் உண்டு. முதல் மாதமே விண்ணப்பித்தால் ஆறு மாதத்துக்குள் முடியும்.

வேலையில் உடம்பு சரியில்லை என்றால் அன்று காலை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். மருத்துவச் சான்று சட்டப்படி நான்காம் நாளிலிருந்து, சில ஒப்பந்தங்களில் முதல் நாளே கேட்பார்கள். படித்துப் பாருங்கள். வேலையில் சேர்ந்த முதல் நாலு வாரத்தில் படுத்தால் சம்பளம் நிறுவனம் தராது, காப்பீடு தரும், அது குறைவு. இரவில் அவசரமில்லாத மருத்துவருக்கு 116117, உயிர் போகிற அவசரத்துக்கு 112. காய்ச்சல் மாத்திரை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக் கடையில் மட்டும். ஞாயிறு அதுவும் முறை வைத்துத்தான் திறக்கும். வந்த முதல் சனிக்கிழமையே ஒரு அட்டை வாங்கி வையுங்கள்.

---

வடபழனி_டூ_நெக்கார்

ஆறு வார வீட்டுக்காரரிடம் கேட்டேன், பதிவுத் தாள் தருவதாக எழுத்தில் சொல்லிவிட்டார். வன்னியாள் அக்கா, கடைசியாக ஒன்று: அவர் அனுப்பிய படத்தில் கறுப்புக் கண்ணாடி அடுப்பு, கீழே ஓவனில் நாலு திருகு. இது இண்டக்ஷனா இல்லையா? குக்கரை வைப்பதா எடுப்பதா?

---

வன்னியாள்

திருகு இருந்தால் கன நேரம் சாதாரணக் கண்ணாடி அடுப்புத்தான், ஆனால் திருகு வைச்ச இண்டக்ஷனும் இருக்கு, படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல ஏலாது. வீட்டுக்காரரைச் சட்டி ஒண்டும் வையாமல் ஒரு அடுப்பைக் கூட்டிப்போட்டு அரை நிமிசத்தில படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. வட்டம் சிவப்பாய்த் தெரிஞ்சால் சாதாரண அடுப்பு, குக்கரைப் பெட்டியில வையுங்கோ. சிவக்காமல் இருந்தால் இண்டக்ஷன். வாஷரை மட்டும் கொண்டு வாங்கோ, காந்த அடி குக்கர் இஞ்ச தமிழ்க் கடையிலயே விக்கினம், ஆனால் அந்த அளவு வாஷர் கிடைக்குமோ எண்டது ஒவ்வொருக்காலும் சந்தேகம்தான்.